செடிகளுக்கு நடுவே ஒரு கடை

பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் லால்பாக்கைக் காணாத குடும்பம் ஒன்று இருக்குமா என்பது ஐயமே. ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் முதலில் அழைத்துச் செல்வது அங்கேதான். அதனால் கண்ணாடி மாளிகையையும் மலர்க் கடிகாரத்தையும் ஏரிக்கரையையும் இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. பூங்காவுக்குள்ளும், செடி விற்கும் நர்சரிகளுக்குள்ளும் பிறருக்குக் கடை வைக்க இடம் விடுகிறார்கள் அல்லவா? அந்தக் கடையை எங்கே வைப்பது, யாருக்குக் கொடுப்பது, என்ன விற்கச் சொல்வது என்பதைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறோம். இது வெறும் வாடகை விவகாரம் என்று தோன்றலாம். ஆனால் செடி வளர்ப்பவர் பிழைப்பதும் பிழைக்காததும் சில சமயம் இதையே பொறுத்திருக்கிறது.

ரயில்வேயில் எழுத்தராக இருக்கும் நமக்குச் செடிக்கடையைப் பற்றி என்ன தெரியும் என்று அன்பர்கள் கேட்கலாம். செடியைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால், பிறருடைய இடத்தில் கடை வைத்துப் பிழைப்பவர்களை நாள்தோறும் பார்க்கிறோம். நடைமேடை ரயில்வேக்குச் சொந்தம். அதன்மேல் நிற்கும் தேநீர்க் கடையும் புத்தகக் கடையும் பழக்கடையும் உரிமம் பெற்றவர்களுடையவை. கடைக்காரர் கட்டணம் கட்டுகிறார்; நிர்வாகம் இடம் கொடுக்கிறது; பிரயாணி இருவரையும் நம்பிக் காசை நீட்டுகிறார். 2022-ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஒரு நிலையம், ஒரு பொருள்’ என்னும் திட்டத்தின்கீழ் அந்தந்த வட்டாரத்து நெசவாளர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் நிலையங்களில் சிறு கடை வைக்க இடம் தரப்படுகிறது. இவற்றையெல்லாம் ஆண்டுக்கணக்கில் பார்த்ததில் ஓர் உண்மை விளங்கிற்று. இத்தகைய கடை நன்றாக நடப்பது மூன்று காரியங்களைப் பொறுத்தது: அது நிற்கும் இடம், கட்டும் பணம், விற்கும் சரக்கு. இம்மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு அன்பர்கள் நம்முடன் லால்பாக்குக்கு வரவேண்டும்.

2017-ஆம் ஆண்டில் பச்சைத் தடத்தில் லால்பாக் மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டபின் அங்கே போவது எளிதாகிவிட்டது. ரயில்வேக்காரர் மெட்ரோவைப் புகழ்வது முறையா என்று நம் அலுவலக நண்பர் ஒருவர் கேலி செய்வார். முறையோ இல்லையோ, குழந்தைகளுடன் போகிறவர்களுக்கு அது வசதிதான்.

இந்தத் தோட்டத்தை 1760-ஆம் ஆண்டு ஹைதர் அலி தொடங்கினார். அவர் மகன் திப்பு சுல்தான் அயல்நாடுகளிலிருந்து விதையும் செடியும் தருவித்து வளர்த்தார். 1856-இல் இது அரசாங்கத் தாவரவியல் தோட்டமாயிற்று. கண்ணாடி மாளிகைக்கு 1889-இல் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். இன்று ஏறத்தாழ 240 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. உள்ளே நிற்கும் பாறையின் வயது 300 கோடி ஆண்டு என்று நிலவியலார் கணக்கிட்டிருக்கிறார்கள். அதன் உச்சியில் கெம்பே கவுடரின் காவற்கோபுரம் இருக்கிறது. அவ்வளவு பழைய பாறையின் அடிவாரத்தில், மனிதன் நேற்று வைத்த கடைகளைப் பற்றிப் பேசப்போகிறோம்!

வளாகத்தினுள் நர்சரிக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று செடி விற்கிறது. சிறு பண்ணைக்காரர் ஒருவர் தனியாக இவ்வளவு பெரிய பூங்காவில் கடை வைக்க இயலாது. பலர் சேர்ந்த சங்கமாக இருப்பதால் அவர் வளர்த்த ரோஜாவும் மாங்கன்றும் லால்பாக்குக்குள் விற்பனைக்கு வருகின்றன.

ஹாப்காம்ஸ் நிறுவனத்தின் தலைமையிடமும் இங்கேதான். பெங்களூரில் தெருமுனைதோறும் அதன் பழம், காய்கறிக் கடைகளைக் கண்டிருப்பீர்கள். 1959-இல் திராட்சை பயிரிட்டவர்களின் கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கியது அது. தோட்டக்கலைத் துறையை நெடுங்காலம் நடத்திய டாக்டர் எம். எச். மரிகௌடா அதற்குக் காரணமானவர். விளைவிப்பவனுக்கு விற்கும் இடமும் வேண்டும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். கன்று கொடுத்து, பயிரிடச் சொல்லி, விளைந்தபின் விவசாயியைத் தரகரிடம் கைவிட்டுவிட்டால் அடுத்த ஆண்டு அவன் தோட்டத்தை அழித்துவிடுவான். ஆகவே அவர் காலத்தில் தோட்டமும் கடையும் ஒரே குடும்பத்துக் காரியங்களாயின.

மாம்பழக் காலத்தில் லால்பாக்கில் மாம்பழச் சந்தை நடப்பதுண்டு. கோலார், ராமநகரம் முதலிய பகுதிகளின் விவசாயிகள் தாங்களே வந்து, கல் வைத்துப் பழுக்க வைக்காத பழங்களை விற்கிறார்கள். குடியரசு நாளையும் சுதந்தர நாளையும் ஒட்டித் தோட்டக்கலைத் துறையும் மைசூர் தோட்டக்கலைச் சங்கமும் சேர்ந்து மலர்க்காட்சி நடத்துகின்றன. அந்நாட்களில் விதை, உரம், மண்தொட்டி, பூவாளி முதல் ஊறுகாய், உடுப்பு, விளையாட்டுச் சாமான் வரை வரிசை வரிசையாகக் கடைகள் தோன்றும்.

சென்ற மலர்க்காட்சியின்போது நாம் ஒரு காரியம் செய்தோம். நம் மனைவியும் இரு பிள்ளைகளும் பூக்களைப் பார்க்க, நாம் ஓரமாக நின்று கடைகளைப் பார்த்தோம். நுழைவாயிலுக்கு அருகில் செடி வைத்திருந்தவரிடம் விலை கேட்டவர் பலர், வாங்கியவர் சிலர். வெளியே போகும் வழியில் இருந்த செடிக்காரருக்கோ கை ஓயவில்லை. காரணம் எளிது. உள்ளே நுழையும்போதே செடி வாங்கினால் அதைத் தூக்கிக்கொண்டு 240 ஏக்கரையும் யார் சுற்றுவது? தண்ணீரும் மோரும் நடுவழியில் விற்கவேண்டும். ஏனெனில் தாகம் அங்கேதான் எடுக்கிறது. செடி வெளிவாயிலில் விற்கவேண்டும். ஏனெனில் ஆசை முதிர்வது அங்கேதான். நடைமேடையிலும் இப்படித்தான். தேநீர்க் கடை வண்டிப் பெட்டிக்கு எதிரே நிற்கவேண்டும். புத்தகக் கடை காத்திருக்கும் இடத்துக்கு அருகில் நிற்கவேண்டும். தேவை எழும் இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் போனாலும் வியாபாரம் பாதியாகிவிடும்.

இடம் சரியாக அமைந்தாலும் கட்டணம் மிஞ்சிவிட்டால் எல்லாம் கெட்டுவிடும். ஏலத்தில் ஒருவர் வீம்புக்கு ஏற்றி எடுத்த கடையை நாம் கண்டிருக்கிறோம். முதல் மாதம் தேநீர் நன்றாக இருந்தது. இரண்டாம் மாதம் பால் குறைந்தது. மூன்றாம் மாதம் குவளை சிறுத்தது. கட்டணத்தைக் கடைக்காரர் கட்டுகிறார் என்று பெயர். உண்மையில் கட்டுவது குடிக்கிறவர்தான். பூங்காவிலும் அதே கதை. கட்டணம் மிஞ்சினால் விதைக்கடைக்காரர் விதையை ஒதுக்கிவிட்டுப் பிளாஸ்டிக் பொம்மையைத் தொங்கவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. விதை விற்று அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாது.

செடி விற்கும் இடத்துக்குள் பிறர் கடைகளுக்கு இடம் விடும் வழக்கத்தை ஒரு தனிக்கலையாகவே வளர்த்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். அங்கே வசிக்கும் நம் உறவினர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது விவரமாகச் சொன்னார். அங்கே ஊர்ப்புறங்களில் செடி விற்கும் பெரிய நிலையங்கள் இருக்கின்றன. வசந்த காலத்தில் கூட்டம் தாங்காது. குளிர்காலத்தில் செடி வாங்க நாதி இராது. ஆனால் கட்டடத்துக்கும் ஆட்களுக்கும் ஆண்டு முழுவதும் செலவு உண்டு. ஆகவே சிற்றுண்டிச்சாலை வைக்கிறார்கள். கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள் விற்கிறார்கள். துணி, புத்தகம், வளர்ப்பு மீன் முதலியவற்றுக்கு வேறு வியாபாரிகளை உள்ளே அமர்த்துகிறார்கள். மீன் தொட்டியும் மீனும் விற்கும் மெய்டன்ஹெட் அக்வாடிக்ஸ் என்னும் நிறுவனத்தின் கடைகள் பெரும்பாலும் இப்படிச் செடி நிலையங்களுக்குள்ளேயே அமைந்தவை. தோட்டத்தில் சிறு குளம் வைப்பவனுக்கு மீனும் வேண்டும், நீர்ச்செடியும் வேண்டும்; ஆகவே இரண்டும் பக்கத்தில் இருப்பது பொருத்தமே. சிற்றுண்டிச்சாலையைப் பல இடங்களில் வாயிலில் வைக்காமல் உள்ளே தள்ளி வைப்பார்களாம். தேநீர் குடிக்க வருகிறவர் செடிகளைக் கடந்தே போகவேண்டும் என்பது அதன் சூட்சுமம்.

“ஆனால் சில இடங்களில் செடியைத் தேடித்தான் காணவேண்டியிருக்கிறது. சட்டையும் மெழுகுவர்த்தியும் முன்னால், செடி பின்கட்டில்” என்று உறவினர் சிரித்தார். விருந்தாளியாக வந்தவன் வீட்டுக்காரனைத் திண்ணைக்கு அனுப்பிய கதைதான்.

இதே சிக்கலை நம் கண்ணெதிரே, நம் மொழி பேசும் ஒருவருடைய தோட்டத்தில் காண நேர்ந்தது.

லால்பாக்கை அடுத்த சித்தாபுரம் பகுதி பழைய நர்சரிகளுக்குப் பெயர்பெற்றது. முன்பு தோட்டமாக இருந்த நிலம் பல இடங்களில் மாடிவீடாகிவிட்டது, எஞ்சியவை சில. இப்பக்கத்துத் தோட்டத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டவர்கள் திகளர் சமூகத்தினர். தர்மராய சுவாமி கோயிலின் கரக விழாவை நடத்துகிறவர்களும் அவர்களே. அவர்களுள் பலர் வீட்டில் பேசுவது தமிழ். கன்னடமும் தெலுங்கும் கலந்த தமிழ். தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கியவர்களின் வழியினர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். நாம் பிழைப்புத் தேடி நேற்று வந்தவர்கள். அவர்கள் இந்நகரத்துக்கு நிழல் கொடுத்த மரங்களோடு வந்தவர்கள்.

கறிவேப்பிலைக் கன்று வாங்கப் போன இடத்தில்தான் அப்பெரியவரைச் சந்தித்தோம். எழுபதைக் கடந்தவர். நம் பேச்சைக் கேட்டதும், “ஐயாவுக்கு எந்த ஊரு?” என்றார். சொன்னோம். அதுமுதல் மாதம் ஒருமுறையாவது அங்கே போவது வழக்கமாயிற்று. அவருடைய நர்சரி பெரிதன்று. தெருவைப் பார்த்த பக்கம் வெயில் விழும்; அங்கே ரோஜாவும் செம்பருத்தியும். நடுவில் நிழற்செடிகள். பின்னால் ஒரு மாமரத்தடியில் தாய்ச்செடிகள். அவற்றிலிருந்துதான் தண்டு வெட்டிப் பதியன் போடுகிறார். “இப்ப எல்லாரும் கடியத்திலிருந்து லாரியிலே இறக்கி விக்கிறாங்க. பாதிச் செடி நானும் வாங்கறேன். ஆனா தாய்ச்செடி இருக்கிறவன்தான் தோட்டக்காரன். இல்லாதவன் கடைக்காரன்” என்பார். ஆந்திரத்தில் ராஜமகேந்திரவரத்துக்கு அருகில் உள்ள கடியம், நாடெங்கும் செடி அனுப்பும் ஊர். ஹௌராவுக்குப் போகும் வண்டிகள் அந்நிலையத்தின் வழியாகத்தான் செல்கின்றன. அவர் வாங்கும் மற்றச் செடிகள் ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருகின்றன.

2024-ஆம் ஆண்டுக் கோடையை பெங்களூர்வாசிகள் எளிதில் மறக்கமாட்டார்கள். ஆழ்துளைக் கிணறுகள் வற்றின; லாரித் தண்ணீர் விலை ஏறிற்று. குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றக்கூடாது, ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் மார்ச் மாதத்தில் ஆணையிட்டது. தண்ணீருக்கே வழியில்லாத காலத்தில் செடி வாங்க யார் வருவார்? நர்சரிக்காரருக்கு மழைக்காலம் அறுவடை, கோடை கடன். அந்தக் கோடையில் பெரியவர் கடன்பட்டார். அப்போதுதான் ஒரு காப்பி நிறுவனம் அவருடைய மகனை அணுகிற்று. நர்சரியின் முன்பக்கம் முழுவதையும் தங்களுக்கு விடவேண்டும். மரமும் செடியும் சூழ்ந்த காப்பிக்கடை என்றால் கூட்டம் வரும். மாத வாடகை இவ்வளவு என்றார்கள். நல்ல மாதத்தில் செடி விற்றுக் கண்ட லாபத்தைவிட அது அதிகம்.

மகனுக்கு வயது முப்பதுக்குள். அவனுக்கும் நியாயம் இருந்தது. “தண்ணி லாரிக்காரனுக்குக் கொடுக்கக் காசில்லாம செடியைக் காயவிடறதைவிட, இடத்தை விட்டுச் செடியைக் காப்பாத்தலாம் இல்லையா, சார்?” என்று நம்மிடமே கேட்டான். பெரியவருக்கு முன்பக்கத்தை விட மனமில்லை. முன்பக்கத்து வெயில் போனால் பூச்செடி போயிற்று. பின்பக்கத்தைக் கொடுக்கலாமென்றால் தாய்ச்செடி போயிற்று. வெயிலை விற்பதா, விதையை விற்பதா என்ற நிலை. தகப்பனும் மகனும் மூன்று வாரம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

ஒருநாள் பெரியவர் நம்மைக் கேட்டார்: “ரயில்வேயிலே கடைக்காரங்களுக்கு எழுதிக் கொடுக்கிற கடுதாசி எப்படி இருக்கும், ஐயா?”

அன்று மாலை மூவரும் மாமரத்தடியில் அமர்ந்தோம். நாம் முதலில் எழுதச் சொன்னது வாடகையை அன்று, இடத்தை. தோட்டத்தை ஒருமுறை சுற்றி வந்ததில், மேற்குச் சுவரோரமாக உடைந்த தொட்டிகளும் செம்மண் குவியலும் கிடந்த நீண்ட இடம் கண்ணில் பட்டது. அதன் கோடி, தாய்ச்செடிகளுக்குச் சற்று முன்னால் முடிகிறது. அங்கே ஐந்தாறு பலகைகள் போடலாம். தெருவிலிருந்து அங்கே போக ஒரே பாதை. அந்தப் பாதை எல்லாச் செடிகளையும் கடந்து செல்கிறது. மகன் அதைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு தானே தொட்டிகளை ஒதுக்கத் தொடங்கினான்.

அடுத்தபடி சரக்கு. காப்பி, தேநீர், மோர், சிற்றுண்டி. பிளாஸ்டிக் பூவும் பிளாஸ்டிக் செடியும் விற்கலாகாது. அடுத்தபடி கட்டணம். ஒரு சிறு தொகை நிலையாக. அதற்குமேல் விற்பனையில் ஒரு பங்கு. மழைக்காலத்தில் கூட்டம் வந்தால் இருவருக்கும் ஆதாயம். வராத மாதத்தில் கடைக்காரரும் நசுங்கமாட்டார். கடைசியாக, தண்ணீருக்கு யார் செலவு, குப்பையை யார் அகற்றுவது, எவ்வளவு முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம் என்பன. எல்லாம் ஒரு தாளில் அடங்கிவிட்டன.

காப்பி நிறுவனத்தார் இதற்கு உடன்படவில்லை. முன்பக்கம் இல்லையென்றால் வேண்டாம் என்று போய்விட்டார்கள். அடுத்த தெருவில் தள்ளுவண்டி வைத்திருந்த ஒரு குடும்பத்தார் அந்தச் சுவரோரத்தை எடுத்துக்கொண்டார்கள். நிறுவனம் சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பெரியவரின் கடன் இன்னும் முழுவதும் தீரவில்லை. ஆனால் 2025-ஆம் ஆண்டுக் கோடையில் தண்ணீர் லாரிக்குக் கொடுத்த பணம் காப்பிக் கடையிலிருந்துதான் வந்தது. தாய்ச்செடிகள் பிழைத்தன. காப்பி குடிக்க வந்தவர்கள் போகும்போது கையில் துளசியோ கற்றாழையோ எடுத்துச் செல்கிறார்கள். மகன் வேறு வேலை தேடும் பேச்சை விட்டுவிட்டான்.

அதே பக்கத்தில் வேறொரு நர்சரி, முன்பக்கம் முழுவதையும் வாடகைக்கு விட்டுவிட்டது. அங்கே இப்போது விளக்கும் நாற்காலியும் அழகாக இருக்கின்றன; செடியும் இருக்கிறது. ஆனால் விலை கேட்டால், “அது விற்பனைக்கில்லை, அலங்காரத்துக்கு” என்கிறார்கள். அந்த வீட்டாரை நாம் பழிக்கவில்லை. கடன்காரன் வாயிலில் நிற்கும்போது உபதேசம் சொல்வது எளிது. வாடகையை வேண்டாமென்பது கடினம். ஆயினும் ஒரு தோட்டம் குறைந்தது.

இவற்றிலிருந்து நாம் கண்டது இதுவே. தோட்டத்துக்குள் கடை வைப்பது குற்றமன்று; பல சமயம் அதுவே தோட்டத்தைக் காக்கிறது. ஆனால் கடை, தோட்டத்துக்கு உறவாக இருக்கவேண்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்ற உதவும் கடை உறவு. செடியை ஓரத்துக்குத் தள்ளும் கடை பகை. எது எது என்பதை வாடகைத் தொகை சொல்லாது. கடை எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

நம் சங்கத்தின் பொங்கல் விழாவிலும் ஆண்டுதோறும் கடைகள் வைக்கிறோம். புடவை, நகை, முறுக்கு, அடுக்குமாடி வீடு விற்பவர்களின் மேசை எல்லாம் உண்டு. வருகிற தை மாதத்தில் செடிக்காரர் ஒருவருக்கும் இடம் கொடுக்கலாமே என்று செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். கட்டணம் வாங்கவேண்டாம், வாங்கினாலும் விற்பனையில் சிறு பங்காக இருக்கட்டும். இடம் மட்டும் சாப்பாட்டுப் பந்தலைத் தாண்டி, வெளிவாயிலுக்கு அருகில் இருக்கவேண்டும். இரண்டு அறை வீட்டில் வசிப்பவருக்கும் ஒரு கறிவேப்பிலைக் கன்றுக்கு மாடத்தில் இடமுண்டு. பெரியவரிடம் பேசிவிட்டோம். வண்டிச் சத்தம் கொடுத்தால் கன்றுகளுடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.